அப்பாவை இழுத்துக்கொண்டு போன சனிக்கிழமை

1

போன சனிக்கிழமை காலை, என் சொந்த அப்பாவை ட்ரெய்லருக்குள் வைத்துப் பூட்டி, கனடாவின் 401 நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் ‘தெரியாமல் நடந்துபோச்சு’ என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்கு முன்னால் இருக்க முடியவில்லை. யாருக்காவது சொல்லவேண்டும். இங்கே சொன்னால் அடுத்த கல்யாண வீட்டில் இதுதான் பகிடியாக ஓடும். அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

ட்ரெய்லர் என்றதும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நெல் மூட்டை ஏற்றிப்போகிற பெட்டிதான் உங்களுக்கு ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, சின்னக் கக்கூஸ் எல்லாம் வைத்துச் சக்கரம் பூட்டிய ஓர் அறை. அதைப் பிக்கப் வாகனத்தின் பின்னால் கொளுவி, ஏரிக்கரைக்கோ காட்டுக்கோ இழுத்துப்போய் நிறுத்தி, உள்ளே இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, திரும்பவும் இழுத்துக்கொண்டு வருவது. இதற்குத்தான் இங்கே விடுமுறை என்று பெயர். வாகனம் ஓடும்போது ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கக்கூடாது, அது சட்டம். வாங்கிய இடத்தில் நாயைக்கூட உள்ளே விடாதே என்று சொல்லித்தான் திறப்பைத் தந்தார்கள்.

நான் நாய் வளர்ப்பதில்லை.

2

ட்ரெய்லர் வந்த கதையைச் சொல்லவேண்டுமென்றால் வீடு மாறிய கதையைச் சொல்லவேண்டும்.

நாங்கள் ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். நான், மனைவி சுகந்தி, மகள், மகன், அம்மா காலமான பிறகு நான் ஸ்பொன்சர் செய்து ஊரிலிருந்து எடுப்பித்த அப்பா. அந்த ஸ்பொன்சர் விசயமே ஒரு பெரிய சீலைப்பேன் குத்துகிற வேலை. ஒரு கடதாசி கொடுத்தால் அடுத்த கடதாசி கேட்பார்கள், அதைக் கொடுப்பதற்குள் முதல் கடதாசிக்குக் காலம் முடிந்துவிடும். கடைசியில் கொழும்பில் நேர்முகம் வைத்து, கனடாவுக்குப் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். “மகனோடை இருக்கப் போறன்” என்று சொன்னாராம். வேறு என்ன செய்வீர்கள் என்று திரும்பக் கேட்டதற்கும் அதையே சொன்னாராம். மொழிபெயர்த்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாக அப்பா பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அப்பா ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர். நாள் முழுக்க ஆட்களோடு கதைத்தே பழகியவர். ஸ்காபரோவிலும் அவருக்கு ஆள் பஞ்சம் இருக்கவில்லை. லிஃப்டில் இறங்கி, றோட்டைக் கடந்தால் ப்ளாசா. மரக்கறிக் கடை, சலூன், நகைக்கடை, மூலையில் ஒரு கோப்பிக் கடை. அந்தக் கோப்பிக் கடையின் கண்ணாடி ஓரமாக ஒரு மேசை. அதில் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் காலை பத்து மணியிலிருந்து சீட்டு விளையாடுவார்கள். ஆட்டத்தின் பெயர் முந்நூற்றிநாலு. இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். நாலு கை வேண்டும். மூன்று பேரை வைத்து ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்பாவின் கணக்கில் அது ஆட்டமே இல்லை, உப்பில்லாத புட்டு.

வீட்டில் வாய் திறக்காத மனிசன் அங்கே போட்ட சத்தம் றோட்டுக்குக் கேட்கும். “துரும்புச் சீட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு என்னடாப்பா முழிக்கிறாய்!” என்று எதிரே இருக்கிற தம்பிராசா அங்கிளைப் பேசுவார். எனக்குக் கிழக்கே தள்ளியிருக்கிற அஜக்ஸ் நகரில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அலுவலக வேலை கிடைத்தபோது, என் மேசையையும் கதிரையையும் படம் எடுத்துத் தரச்சொல்லி வாங்கி, அந்த ப்ளாசா முழுக்கக் காட்டியவர். சலூன்காரர்கூட என்னைக் கண்டால் “மேசை எப்பிடி இருக்கு தம்பி?” என்று கேட்பார்.

அந்தத் தொழிற்சாலையில்தான் எனக்கு ட்ரெய்லர் ஆசை பிடித்தது. பக்கத்து மேசைக்காரன் ஒவ்வொரு திங்களும் ஏரி, நெருப்பு, நட்சத்திரம் என்று படம் காட்டுவான். நானும் இந்த நாட்டில் பாதிக்கு மேல் வாழ்நாளைப் போட்டவன். எனக்கென்று ஓர் ஏரிக்கரை இல்லையே என்று வயிறு எரிந்தது. பிள்ளைகளுக்காக என்று சுகந்தியிடம் சொன்னேன். பிள்ளைகளுக்காக என்று சொன்னால் இங்கே எதையும் வாங்கலாம்.

மாடிக் கட்டடத்தில் ட்ரெய்லர் நிறுத்த விடமாட்டார்கள். அஜக்ஸில் வீடு பார்த்தோம். வேலைக்குக் கிட்ட, நல்ல பள்ளிக்கூடம், ஸ்காபரோவை விட விலை குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் போனவுடன் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமோ? வாகனம் விடுகிற முற்றத்தைக் காலடியால் அளந்தேன். அப்பாவின் அறை எந்தப் பக்கம், அவர் காலையில் எங்கே நடப்பார், நான் யோசிக்கவே இல்லை.

அப்பாவிடம் சொன்னபோது, “நல்லது தம்பி, பெரிய வீடு பிள்ளையளுக்கு நல்லது” என்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அங்கையிருந்து ப்ளாசாவுக்கு பஸ் இருக்கோ?”

“இருக்கு அப்பா. ரெயினும் இருக்கு” என்றேன்.

இருக்கிறதுதான். மாறி மாறி ஏறி, பனிக்குள் நின்று, ஆங்கிலத்தில் வழி கேட்டுப் போகவேண்டும். அதை நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியே ஒரு மனிசனை ஏமாற்றலாம் என்று அன்று கண்டுபிடித்தேன்.

3

ட்ரெய்லர் வந்த கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனோம். வாகனப் பூசை செய்யாமல் நாங்கள் சைக்கிளும் ஓட மாட்டோம் அல்லவா. பிக்கப்புக்குப் பூசை முடித்த ஐயர், சந்தனக் கிண்ணத்தோடு ட்ரெய்லரைச் சுற்றி ஒருதரம் வந்து, “இதுக்கு எஞ்சின் எங்கை?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப பொட்டு எங்கை வைக்கிறது?” என்று யோசித்து, கடைசியில் கொளுவுகிற கொக்கியில் வைத்தார். எல்லாச் சக்கரங்களுக்கும் தேசிக்காய் வைத்து நசித்தாயிற்று. அப்பா வேட்டியோடு வந்து உள்ளே ஏறி, கதவு கதவாகத் திறந்து பார்த்து, சாப்பாட்டு மேசையில் கொஞ்ச நேரம் இருந்தார். இரண்டு பக்கமும் நீள இருக்கையாக வாங்கு, நடுவில் மேசை.

“நாலு பேர் வடிவா இருக்கலாம்” என்றார்.

நான் அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

முதல் கோடையில் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் அது போகும். சுகந்தி பின்னால் நின்று வழி காட்டுவாள்.

“இடம், இடம், இடம்! ஐயோ, மரம்!”

“ஆற்றை இடம்? உம்மட இடமோ என்ரை இடமோ?”

“மரம் நிக்கிற இடம்!”

பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர்கள் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். கடைசியில் ஒரு கிழவர் எழுந்து வந்து, என்னை இறங்கச் சொல்லி, ஒரே மூச்சில் விட்டுத் தருவார். இரவுச் சாப்பாட்டுக்குக் கருவாடு பொரித்து, காட்டிலிருந்து ரக்கூன் பிராணிக் குடும்பத்தையே விருந்துக்கு அழைத்ததும் நாங்கள்தான். ஆனாலும் சந்தோசமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து பொய்யாகிவிடும். காலையில் ஏரியைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கும்போது நான் இந்த நாட்டுக்காரன்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நேரம் அப்பா அஜக்ஸ் வீட்டில் தனியே இருந்தார்.

முதல் பயணத்துக்கு முன் அவரிடம், “இதிலை நாலு பேர்தான் அப்பா படுக்கலாம்” என்று சொன்னேன். பெரிய கட்டில் எங்களுக்கு, மேல் தட்டும் கீழ்த் தட்டும் பிள்ளைகளுக்கு. ஆனால் அந்தச் சாப்பாட்டு மேசை இருக்கிறதே, அதைக் கீழே இறக்கி மெத்தையை இழுத்துவிட்டால் அதுவும் ஒரு கட்டில். விற்றவன் இறக்கிக் காட்டியே தந்தவன். எனக்குத் தெரியும். அப்பாவோடு போனால் மரக்கறிதான் சமைக்கவேண்டும், இரவில் நாலைந்து தரம் எழும்புவார், காலுக்குக் குளிரும் என்பார் என்றெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டு, அந்தக் கட்டிலை மறந்தவன் மாதிரி இருந்துவிட்டேன்.

“அதுக்கென்ன, நான் வீட்டைப் பாக்கிறன்” என்றார். வீட்டை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்?

4

இரண்டாவது கோடையில் மகள் வரவில்லை என்றாள். பதினேழு வயது. “அப்பா, நோ ஒஃபென்ஸ், பட் அங்கை வைஃபை இல்லை, அண்ட் பேசிக்கலி நீங்களும் அம்மாவும் சண்டை பிடிக்கிறதைத்தான் பாக்கிறது.” அக்கா வராவிட்டால் தம்பியும் வரமாட்டான். பிள்ளைகளுக்காக வாங்கிய ட்ரெய்லரில் நானும் சுகந்தியும் மட்டும் போனோம். இரண்டு தட்டும் காலி. சோற்றுப் பானையையும் தண்ணீர்ப் போத்தல்களையும் அதில் படுக்க வைத்துக்கொண்டு போனோம்.

அப்பாவைக் கேட்காமல் இல்லை. கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்றால், பிக்கப்பில் ஏறி இருந்துகொண்டு, “அப்பா, நீங்கள் வரமாட்டியள்தானே?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் எந்த மனிசன் வருவான்? வாசலில் நின்று கையைக் காட்டினார். சுகந்தி மட்டும் கொஞ்ச தூரம் போனதும், “நீங்கள் கேட்ட கேள்விக்கு என்ரை அப்பாவெண்டால் செருப்பாலை அடிச்சிருப்பார்” என்றாள். பிறகு அவளும் பாட்டுப் போட்டுவிட்டாள்.

வேலை நாட்களில் மத்தியானம் அப்பா எனக்குப் போன் எடுப்பார். பெரிய விசயம் ஒன்றும் இருக்காது. தபால்காரன் வந்திட்டான் என்பார். இன்றைக்குக் காற்று என்பார். ஸ்காபரோவில் இருந்தபோது இப்படி ஒருநாளும் எடுத்ததில்லை, அங்கே அவருக்கு என் ஞாபகம் வர நேரமில்லை. ஆரம்பத்தில் எடுத்துக் கதைத்தேன். பிறகு மேசையில் போன் அதிரும்போது ‘அப்பா’ என்று பார்த்துவிட்டு, சிவப்பை அமத்திப் பழகிவிட்டேன். பின்னேரம் வீட்டுக்குத்தானே போகிறேன் என்று சமாதானம். வீட்டுக்குப் போனால் அவர் சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போயிருப்பார்.

இதற்கிடையில் நகரசபையிலிருந்து ஓர் அறிவித்தல் கதவில் ஒட்டியிருந்தது. ட்ரெய்லரைத் தொடர்ந்து வீட்டு முற்றத்தில் வைத்திருக்கக்கூடாதாம், நாள்கணக்கு உண்டாம். யாரோ அயலவர் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். நகரசபைக்குப் போன் எடுத்தால் ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்று ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்கவிட்டு, கடைசியில் ஒரு பிள்ளை அன்பாக, “அது அங்கே தொடர்ந்து நிற்கக்கூடாது சேர்” என்றாள். தொடர்ந்து என்றால் என்ன? எங்களுடைய மூளை வேலை செய்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பிக்கப்பில் கொளுவி, ட்ரெய்லரை றோட்டில் இறக்கி, தெருமுனைவரை கொண்டுபோய், திரும்பவும் அதே இடத்தில் ஏற்றி விட்டேன். தொடர்ச்சி அறுந்துவிட்டது! கோர்ட்டில் வாதாடுகிற அப்புக்காத்து மாதிரி எனக்கே என்னைப் பிடித்துப்போனது. ஊர்க்காரரைத் தவிர வேறு ஆருக்கு இந்தச் சட்ட அறிவு வரும்?

கோடை முழுக்க இந்தக் கூத்து நடந்தது. அப்பா இதைப் பார்த்துப் பழகியிருந்தார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5

சனிக்கிழமைக்கு வருகிறேன். இரண்டாவது அறிவித்தல் வந்துவிட்டது, இந்த முறை அபராதம் என்று. எப்படியும் பனி கொட்டுகிற மாரிகாலம் வருகிறது. மார்க்கம் பக்கத்தில் மாரிக்கு ட்ரெய்லர்களை நிறுத்திவைக்க இடம் கொடுக்கிற ஒரு யார்ட்டில் பேசி வைத்தேன். அங்கே மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள். சுகந்தி மகனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மகள் நித்திரை. அப்பாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது, அவரும் நித்திரை என்று நினைத்தேன்.

கொக்கியைக் கொளுவினேன். சங்கிலி போட்டேன். லைட் வயரைச் செருகி, பிரேக் லைட் பார்த்தேன். சக்கரக் கட்டைகளை எடுத்தேன். வாசல் படி கீழே இறங்கியிருந்தது. பிள்ளைகள்தான் இழுத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள் என்று புறுபுறுத்துக்கொண்டு மடித்தேன். கதவைப் பூட்டினேன். எல்லாம் சரிபார்த்தேன். உள்ளே மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பிக்கப்பின் திரையில் ‘அப்பா’ என்று வந்தது. எழும்பிவிட்டார், பாணுக்குச் சம்பல் எங்கே என்று கேட்கப்போகிறார் என்று நினைத்துச் சிவப்பை அமத்தினேன். ட்ரெய்லர் இழுக்கும்போது கவனம் சிதறக்கூடாது என்று எனக்கே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் யார்ட்டுக்காரன் எடுத்தான். அவனோடு கதைத்தேன். அதை வைத்ததும் திரும்ப ‘அப்பா’. திரும்பவும் சிவப்பு.

அடுத்தது சுகந்தி.

“இஞ்சேருங்கோ, எங்கை நிக்கிறியள்?”

“நானூற்றியொண்டிலை. ஏன்?”

“ட்ரெய்லரோ பின்னாலை?”

“ஓமப்பா. யார்ட்டுக்குக் கொண்டுபோறன்.”

“மாமா அதுக்குள்ளை இருக்கிறார்!”

“ஆர்?”

“உங்கடை அப்பா! ட்ரெய்லருக்குள்ளை! உங்களுக்கு ரெண்டு தரம் அடிச்சவராம், நீங்கள் எடுக்கேல்லையாம். எனக்கு எடுத்து, ‘பிள்ளை, தம்பி என்னை எங்கையோ கொண்டுபோறான், கேட்டுச் சொல்லு’ எண்டுறார்!”

பக்கத்தால் லொறிகள் பறக்கின்றன. ஒரு லொறி கடந்தால் காற்று ட்ரெய்லரை ஓர் உலுப்பு உலுப்பும். அந்த உலுப்பு எனக்குத் தெரியும், இரண்டு வருடமாகத் தெரியும். அன்றுதான் அது என் முதுகெலும்பில் ஏறியது. முருகா, முருகா என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நிறுத்தவும் பயம். மெல்ல மெல்ல ஊர்ந்து, அடுத்த வெளிவழியில் இறங்கி, பூட்டிக்கிடந்த ஒரு தளபாடக் கடையின் முற்றத்தில் நிறுத்தினேன். திறப்பு பூட்டுக்குள் போகமாட்டேன் என்று நின்றது.

கதவைத் திறந்தால், அப்பா தரையில் இருந்தார். முதுகை வாங்கில் சாய்த்து, ஒரு கையால் மேசைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார். கம்பளிச் சட்டை, காதுக் குல்லா. தரை முழுக்கச் சீட்டுகள். மற்றக் கையில் விசிறியாக விரித்த சீட்டுகள் அப்படியே இருந்தன.

“அப்பா! என்னப்பா, காயம் ஏதும் பட்டதோ? ஏனப்பா இதுக்குள்ளை இருந்தனீங்கள்?”

“ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. நீ முன்னுக்குப் பின்னுக்கு எடுக்கிறாயாக்கும் எண்டு நினைச்சன். எப்பவும் அப்பிடித்தானே. பேந்து பாத்தால் நிக்கிற பாடாய்க் காணேல்லை.” தரையைப் பார்த்தார். “மற்ற மூண்டு பேற்றையும் கொட்டுண்டுபோச்சு. என்ரை கையிலை இருக்கு.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. மேசையின் மூலைகளில் இன்னும் சில சீட்டுகள் கிடந்தன. நாலு கைக்குப் போட்டிருக்கிறார். தனக்கும், தம்பிராசா அங்கிளுக்கும், மற்ற இரண்டு பேருக்கும். ஒவ்வொரு இடமாக மாறி மாறி இருந்து, ஒவ்வொருவருக்காகவும் ஏலம்போலக் கேள்வி கேட்டு, துரும்பு வைத்து விளையாடியிருக்கிறார். குளிர்ப்பெட்டியடியில் சுடுதண்ணிப் போத்தல், ஒரு கோப்பை, விசுக்கோத்துப் பேணி உருண்டு கிடந்தன. நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு அவர் ஒவ்வொரு நாளும் இங்கேதான் வந்து இருந்திருக்கிறார் போல. நாங்கள் எவருமே காணவில்லை.

“வீட்டுக்குள்ளை இருந்து விளையாடலாமே அப்பா” என்றேன். என்ன விசர்க் கேள்வி!

“வீட்டு மேசை பெரிசு தம்பி. ஆக்கள் தூரத்தை இருக்கிற மாதிரி. இது அந்தக் கோப்பிக் கடை மேசை அளவு.”

நான் குந்தியிருந்து சீட்டுகளைப் பொறுக்கினேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் யன்னல் சீலையை விலக்கி வெளியே பார்த்தார். தூரத்தில் மாடிக் கட்டடங்கள் வரிசையாகத் தெரிந்தன.

“உது மோர்னிங்சைட் பக்கமெல்லோ?” என்றார். குரலே மாறியிருந்தது. “ஸ்காபரோவுக்கோ போறம்?”

நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

“ஓம் அப்பா” என்றேன்.

6

அப்பா பிக்கப்பின் முன் சீட்டில் ஏறி, முகம் பார்க்கிற கண்ணாடியைத் தன் பக்கம் இறக்கித் தலை வாரினார். யார்ட்டுக்காரனுக்கு வரவில்லை என்று சொன்னேன். ட்ரெய்லரோடு ப்ளாசாவுக்குள் நுழைந்தபோது சனிக்கிழமைக் கூட்டம். நான் அரைவாசி முற்றத்தை அடைத்துக்கொண்டு நிறுத்த, கீரைக்கட்டோடு வந்த ஓர் அன்ரி நின்று திட்டினார். திட்டு தேவையாகத்தான் இருந்தது.

கோப்பிக் கடைக்குள் அந்த மேசை அப்படியே இருந்தது. நாலு பேர் இருந்தார்கள். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தம்பிராசா அங்கிளுக்கு எதிரே, அப்பாவின் இடத்தில், எனக்குத் தெரியாத ஒருவர்.

“அட, எங்கடை மனேச்சர்!” என்று தம்பிராசா அங்கிள் எழும்பிக் கட்டிப்பிடித்தார். ரெக்ஸ்டேலிலிருந்து மகளோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர் என்று புது மனிசரை அறிமுகம் செய்தார். அந்த மனிசர் உடனே சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழும்பினார்.

“இருங்கோ ஐயா, உங்கடை இடம் எண்டு சொன்னவை.”

“சேச்சே, இருங்கோ, இருங்கோ. ஆட்டம் நடக்கேக்கை ஆள் மாறக்கூடாது” என்று அப்பா அவரைத் தோளில் அமத்தி இருத்தினார். பிறகு அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையைப் பின்னுக்குக் கட்டி, அவருடைய சீட்டை எட்டிப் பார்த்தார். ஒருமுறை வாயைத் திறந்து எதையோ சொல்லப்போய், சொல்லாமல் விட்டார்.

நான் கோப்பி வாங்க வரிசையில் நின்றபோது தம்பிராசா அங்கிள் பக்கத்தில் வந்தார்.

“கோவியாதையும் தம்பி, நாங்கள் ஆளைச் சேர்த்துப்போட்டம் எண்டு. அப்பாதான் போன மாரியிலை போனிலை சொன்னவர், எனக்கு இனி வர வசதிப்படாது, மூண்டு பேரா இருந்து என்ன செய்யப்போறியள், வேறை ஆளைப் போடுங்கோ எண்டு. நாங்கள் கனகாலம் கதிரையை வெறுமனேதான் விட்டிருந்தனாங்கள்.”

போன மாரி. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைப் ப்ளாசாவில் விடு என்று என்னை ஒருநாளும் கேட்காததன் காரணம் எனக்கு அந்த வரிசையில் நின்றபோதுதான் விளங்கியது. கேட்டு நான் ஓம் என்றாலும், வந்து இருக்க இடமில்லை. அந்த இடத்தையும் அவரே எழும்பிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். “மகன்தான் கூட்டிக்கொண்டு வந்தவர். ட்ரெய்லரையும் உங்களுக்குக் காட்டவேணுமெண்டு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.” படியை இறக்கி ஒவ்வொருவராக ஏற்றினார். அடுப்பைக் காட்டினார், கக்கூஸைக் காட்டினார். மேசையைத் தட்டிக் காட்டி, “இது பாருங்கோ, நாலு பேர் வடிவா இருக்கலாம்” என்றார். நாலு பேரும் இருந்து பார்த்தார்கள். அப்பா நின்றார்.

“அப்ப ஒருநாளைக்கு இதுக்குள்ளை ஒரு ஆட்டம் போடுவம், என்ன மனேச்சர்?”

“ஓம், ஓம்” என்றார் அப்பா. என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

“இந்தக் காலத்திலை இப்பிடியொரு பிள்ளை கிடைக்கக் குடுத்துவைச்சிருக்கோணும்” என்று தம்பிராசா அங்கிள் என் முதுகில் தட்டினார். நான் இளித்துக்கொண்டு நின்றேன். என்னுடைய கீழ்மையை அந்த மனிசன் தட்டித் தட்டி உள்ளே இறக்குகிற மாதிரி இருந்தது. அப்பா, “பின்னை, என்ரை பிள்ளையெல்லோ” என்றார்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்று, “அப்பா, அந்த ரெண்டு போன் கோலும்…” என்று இழுத்தேன்.

“அதை விடு தம்பி” என்றார். சீட்டுக் கட்டை மடியில் வைத்துப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். “ஓடேக்கை போன் எடுக்கக்கூடாதுதானே. எனக்குத் தெரியும். வேலை நாளிலையும் மத்தியானத்திலை அடிப்பன், நீ எடுக்கமாட்டாய். நான் நினைச்சுக்கொள்ளுவன், பிள்ளை எங்கையோ ஓடிக்கொண்டிருக்கிறான் எண்டு. அடிச்சால் உனக்கு இடைஞ்சல் எண்டும் தெரியும். ஆனாலும் கை போகுது.”

நான் மேசை வேலைக்காரன் என்று அவருக்குத் தெரியும். அந்த மேசையின் படத்தைப் ப்ளாசா முழுக்கக் காட்டியவர் அவர்தான்.

என் பதிலுக்காகக் காத்திருந்தார். கண்ணாடியில் பின்னால் ட்ரெய்லர் வெறுமையாக வந்துகொண்டிருந்தது.

“ஓம் அப்பா” என்றேன். “ஓடிக்கொண்டுதான் இருந்தனான்.”